மலையில் பிறந்தவளுக்கு ஏசி குளிருமா?

கேள்வி: டாக்டர், எனக்கு 34 வயது. பிறந்து வளர்ந்தது கோத்தகிரி. கல்யாணமாகி வேலூர் வந்து 9 வருடம் ஆகிறது. வங்கியில் வேலை. வீட்டில் ஒரே ஒரு ஏசி, எங்கள் படுக்கையறையில். என் கணவர் அதை 18இல் வைத்தால்தான் தூங்குவார். நல்ல பருமனான உடம்பு, தை மாதத்திலும் சட்டை போடாமல்தான் உட்காருவார். நான் கம்பளியைச் சுற்றிக்கொண்டு படுத்தாலும் விடியற்காலை 4 மணிக்குக் கால் விறைத்துப்போய் எழுந்துவிடுகிறேன். ‘மலையில பொறந்தவளுக்குக் குளிருதாம், நடிப்பப் பாரு’ என்று வீட்டில் சிரிக்கிறார்கள். முன்பு இவ்வளவு இல்லை, 2 வருடமாகத்தான் அதிகம். முடி கொட்டுகிறது, எப்போதும் அசதி. குளிருக்காகவே ஒரு நாளைக்கு ஐந்தாறு டீ குடிக்கிறேன். 7 வயது மகளோ போர்வையை உதைத்துத் தள்ளிவிட்டுத் தூங்குகிறாள். மாமியாருக்கு 72 வயது, சுகருக்கும் பிரஷருக்கும் மாத்திரை எடுக்கிறார். அவருக்கு ஏசி ஆகாது. கத்திரி வெயிலிலும் ஃபேனை நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு படுப்பார். கேட்டால், ‘எனக்கு வேர்க்கவே இல்லையே’ என்பார். ஒரே வீட்டில் நாலு பேருக்கு நாலு விதம். யார் சொல்வது சரி? ஏசியை எத்தனையில் வைப்பது? எனக்கு ஏதாவது வியாதியா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

இதை உங்கள் வீட்டுக்காரரையும் பக்கத்தில் உட்கார வைத்துப் படியுங்கள். உங்களுக்குக் குளிர்வது நிஜம், அவருக்குப் புழுங்குவதும் நிஜம். ஒரே அறையில் ஒரே நேரத்தில் இரண்டும் உண்மையாக இருக்க முடியும். இதைப் புரிந்துகொள்ளாமல் எத்தனையோ வீடுகளில் ராத்திரி 11 மணிக்கு ரிமோட்டைப் பிடுங்கிக்கொண்டு சண்டை நடக்கிறது.

சில மாதங்களுக்கு முன் உங்களைப் போலவே ஒரு தம்பதி என் கிளினிக்குக்கு வந்தார்கள். ‘இவளுக்கு எப்பவும் குளிருதுன்னு சொல்றா சார், ஒண்ணும் இல்லைன்னு நீங்களாவது சொல்லுங்க’ என்றார் கணவர். இருவரையும் மேஜை மேல் கையை வைக்கச் சொன்னேன். அந்தப் பெண்ணின் விரல்கள் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த வெண்டைக்காய் மாதிரி சில்லிட்டிருந்தன, நகக்கண் கொஞ்சம் வெளுத்திருந்தது. அவர் உள்ளங்கையோ கதகதப்பாக, லேசாக ஈரமாக இருந்தது. அப்புறம் இருவருக்கும் நாக்கின் அடியில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன். இருவருக்கும் 98.4. மனிதர் ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவராகவே மனைவியின் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டார்.

விஷயம் அதுதான். உள்ளே இதயமும் மூளையும் குடலும் இருக்கும் இடத்தை ஏறக்குறைய 37 டிகிரி செல்சியஸில் வைத்திருக்க எல்லா உடம்பும் படாதபாடு படுகிறது. ஆனால் குளிர், வெக்கை என்று நாம் உணர்வது பெரும்பாலும் தோலில். உள்சூட்டைக் காப்பாற்ற ஒருவர் உடம்பு கை கால்களுக்குப் போகும் ரத்தக்குழாய்களைச் சுருக்கிவிடும், இன்னொருவர் உடம்புக்கு அந்த அவசியமே வராது. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர் அந்தக் காலத்து 100 வாட் குண்டு பல்ப் அளவுக்குச் சூட்டை வெளியே விட்டுக்கொண்டிருக்கிறார். அதில் கணிசமான பங்கு தசையில் உண்டாகிறது. தசை அதிகம் இருந்தால் சூடும் அதிகம். உடம்பு பெரிதானால் அந்தச் சூடு வெளியே போக நேரமும் அதிகம். பெரிய பானையில் இருக்கும் சோறு ஒரு மணி நேரம் கழித்தும் கை வைக்க முடியாமல் இருக்கும், அதிலிருந்து கிண்ணத்தில் எடுத்து வைத்தது சீக்கிரம் ஆறிப்போகும் இல்லையா? உங்கள் கணவர் பானை, நீங்கள் கிண்ணம். போதாததற்குத் தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பு அவருக்குக் கழற்றவே முடியாத ஒரு ஸ்வெட்டர். 18இல் அவர் நிம்மதியாகத் தூங்குவதில் ஆச்சரியமே இல்லை.

பெண்களுக்கு இன்னும் ஒன்று உண்டு. மாதவிடாய்ச் சுழற்சியில் கருமுட்டை வெளியான பிறகு வரும் இரண்டு வாரம் உடம்பின் அடிப்படைச் சூடே அரை டிகிரி வரை கூடும். அந்த நாட்களில் வெளியே இருக்கும் அதே காற்று இன்னும் குளிராகத் தெரியலாம், சிலருக்கு உள்ளுக்குள் எரிச்சலாகவும் இருக்கலாம். போன வாரம் ஒன்றும் சொல்லவில்லையே, இப்போது மட்டும் ஏன் என்று கேட்பவர்களுக்கு இது தெரியாது.

வங்கியில் வேலை என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கேயும் கைப்பையில் ஒரு சால்வை இருக்குமே? உங்கள் கிளையில் மற்ற பெண்களும் வைத்திருப்பார்கள். 2015இல் நெதர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் இருவர் இதைத்தான் எடுத்துப் பார்த்தார்கள். அலுவலகக் கட்டடங்களில் எவ்வளவு குளிர் வைப்பது என்ற கணக்கு 1960களில் போட்டது, அதற்கு அளவாக எடுத்துக்கொண்ட ஆள் 40 வயது, 70 கிலோ எடையுள்ள ஓர் ஆண். பெண்களின் உடம்பு உண்டாக்கும் சூட்டை அந்தக் கணக்கு 35 சதவீதம் வரை கூட்டிச் சொல்லிவிடக்கூடும் என்று அவர்கள் காட்டினார்கள். இப்படி யாருக்கோ தைத்த சட்டையைத்தான் நீங்கள் தினமும் 8 மணி நேரம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள்.

சரி, ‘மலையில் பிறந்தவள்’ விஷயத்துக்கு வருகிறேன். குளிரைத் தாங்குவது பிறந்த ஊரோடு முத்திரை குத்தி வருவதில்லை, பெரும்பாலும் அது பழக்கம்தான். பரம்பரைக்கும் ஒரு பங்கு உண்டு. வேகமாகச் சுருங்கும் தசை நார்களில் இருக்கும் ஒரு புரதம் உலகத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குப் பிறவியிலேயே இருப்பதில்லை. அவர்களின் உடம்பு குளிரில் சூட்டைச் சிக்கனமாகக் காப்பாற்றுகிறது என்று 2021இல் வந்த ஓர் ஆராய்ச்சி சொல்கிறது. ஆனால் அது கோத்தகிரிக்காரர், வேலூர்க்காரர் என்று பார்த்து வருவதில்லை. அதற்கு மேல் எல்லாம் பழக்கமே.

படிப்புக்காக நான் டெல்லிக்குப் போன முதல் ஜனவரியில் இரவு 5 டிகிரிக்கு இறங்கும். அறையில் ஹீட்டர் கிடையாது. முதல் பத்து நாள் இரண்டு ரஜாய்க்குள் (பஞ்சு அடைத்த கனமான போர்வை) சாக்ஸோடு படுத்தும் பல் தந்தியடித்தது. பக்கத்துக் கட்டிலில் இருந்த லூதியானாக்காரர் ஒரு பனியனோடு உட்கார்ந்து படிப்பார். பிப்ரவரி வந்தபோது நானும் ஒரு ரஜாயை மடித்து வைத்துவிட்டேன், அடுத்த வருடம் அந்த முதல் வார நடுக்கமே இல்லை. நான் அதிர்ந்துபோனது ஊருக்குத் திரும்பிய மே மாதத்தில். 20 வருடம் வளர்ந்த அதே வெயிலில் பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்கு நடப்பதற்குள் தலை சுற்றியது, அம்மா மோரைக் கையில் கொடுத்துவிட்டு ‘என்னடா, வெளியூர்க்காரன் மாதிரி ஆயிட்ட’ என்றாள். சூட்டுக்குப் பழக உடம்புக்கு ஒன்று, இரண்டு வாரம் வேண்டும். வேர்வை சீக்கிரமே வரத் தொடங்கும், அதிகமாக வரும், அதில் உப்பு குறையும், ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும். சூட்டிலிருந்து விலகிச் சில வாரம் இருந்தால் அந்தப் பழக்கம் அப்படியே கரைந்துவிடும்.

நீங்கள் 9 வருடமாக வேலூர் வெயிலுக்குப் பழகிய உடம்பு. கோத்தகிரிக் குளிர் உங்களை விட்டுப் போய் ரொம்ப நாளாகிறது. அங்கே இருந்தபோதும் வெறும் உடம்போடு குளிரைத் தாங்கினீர்களா என்று யோசித்துப் பாருங்கள். மலைக்காரர்கள் குளிரில் எப்படி இருக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள். காலையிலேயே ஸ்வெட்டர், தலையில் குல்லா, அடுப்படியில் உட்கார்ந்து சாப்பாடு, எங்கே போவதானாலும் ஏற்றம் இறக்கம். மேடேறி நடக்கும் உடம்பு சும்மா உட்கார்ந்திருப்பதைப் போலப் பல மடங்கு சூட்டை உண்டாக்கும். இங்கே நீங்கள் பகலெல்லாம் நாற்காலியில், இரவெல்லாம் கட்டிலில், இரண்டு இடத்திலும் தலைக்கு மேல் ஏசி.

அந்த 4 மணிக் கணக்கும் சரியாகத்தான் இருக்கிறது. நம் எல்லோருக்குமே உள்சூடு இரவில் படிப்படியாக இறங்கி விடியலுக்கு முந்தைய ஓரிரு மணி நேரத்தில் அடிமட்டத்தைத் தொடும். படுக்கும்போது பரவாயில்லை என்றிருந்த 18 டிகிரி அந்த நேரத்தில் தாங்காது. ‘தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்’ என்பார்கள். வேலூரில் தை மாத விடியற்காலையே 17, 18 டிகிரிதான். வருடம் முழுக்க உங்கள் படுக்கையறையில் தை மாதம் நடக்கிறது.

இதுவரை சொன்னதெல்லாம் ஏன் ஆளுக்கு ஆள் மாறுகிறது என்பதற்கு. ஆனால் உங்கள் கடிதத்தில் என் கண்ணில் குத்தியது ‘2 வருடமாகத்தான்’ என்ற வார்த்தை. சின்ன வயதிலிருந்தே குளிர் தாங்காதவர் என்றால் நான் இவ்வளவு கவலைப்பட மாட்டேன். புதிதாக வந்தது, கூடவே முடி கொட்டுவது, அசதி என்றால் ரத்தப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும். இரண்டு பேர் மேல் எனக்குச் சந்தேகம்: தைராய்டு, ரத்தசோகை.

தைராய்டு சுரப்பி மந்தமானால் அடுப்பின் தீயைக் குறைத்து வைத்த மாதிரி உடம்பின் சூடு குறையும். தோல் வறளும், மலம் கட்டும், எடை ஏறும், மாதவிடாய் அதிகமாகப் போகலாம். இவற்றில் எதெல்லாம் உங்களுக்கு இருக்கிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். இதற்கு டிஎஸ்எச் என்ற ஒரு ரத்தப் பரிசோதனை போதும், குறைவு என்று தெரிந்தால் தினமும் வெறும் வயிற்றில் ஒரு சின்ன மாத்திரை. ரத்தசோகை இன்னும் சகஜம். இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்கிறது. ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தால் கவனிக்க வேண்டும். அதோடு ஃபெரிட்டின் பார்த்தால் உடம்பில் இரும்புச்சத்து இருப்பு எவ்வளவு என்று தெரிந்துவிடும், வைட்டமின் பி12உம் பார்த்துவிடுங்கள்.

அந்த ஐந்தாறு டீ! நீலகிரிக்காரரிடம் டீயை விடச் சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் சாப்பாட்டோடும் சாப்பிட்ட கையோடும் குடிக்கும் டீ, கீரையிலும் பருப்பிலும் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள விடாது. சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவே ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். கீரையோடு எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள், நெல்லிக்காய் சேர்த்துக்கொள்ளுங்கள். குளிருக்காகக் குடிக்கும் டீயே ரத்தத்தைக் குறைத்து, அந்தக் குறைவே மேலும் குளிரவைத்து என்று ஒரு சுற்று ஓடிக்கொண்டிருக்கலாம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். குளிரில் விரல் நுனி சுண்ணாம்பு மாதிரி வெளுத்து, அப்புறம் நீலமாகி, சூடு பட்டதும் சிவந்து வலிக்கிறதா? அப்படியென்றால் பரிசோதனைக்குப் போகும்போது அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், அது வேறு கணக்கு.

உங்கள் கணவரைப் பற்றி அதிகம் பயமில்லை. எடை தானாகக் குறைந்து, கை நடுங்கி, நெஞ்சு படபடத்து, அதோடு வெக்கை தாங்கவில்லை என்றால் அவருக்கும் தைராய்டு பார்க்க வேண்டும், அது கூடினாலும் தொல்லைதான். அவர் பலமாகக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று திணறி எழுகிறாரா? தூக்கத்தில் மூச்சு அடைபடுகிறவர்களுக்கு இரவில் வேர்த்துக் கொட்டும். அதைச் சரிசெய்தால் 18 தேவைப்படாமலேயே போகலாம். மகள் போர்வையை உதைப்பது அவள் வயதுக்கு இயல்பு. அவளுக்குக் குளிர்கிறதா என்று கை காலைத் தொட்டுப் பார்க்காதீர்கள், பிடரியிலும் நெஞ்சிலும் தொட்டுப் பாருங்கள். அங்கே கதகதப்பாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

ஏசியை 26இல் வையுங்கள். 2020 ஜனவரியிலிருந்து இந்தியாவில் விற்கும் ஸ்டார் முத்திரை ஏசிகள் போட்டவுடன் 24இல் நிற்கும்படிதான் வருகின்றன, 18 என்பது யாருக்கும் அவசியமில்லை. உங்கள் கணவருக்கு 26 போதாது என்பார், அதனால் அவர் பக்கத்தில் மட்டும் ஒரு டேபிள் ஃபேன். தோல் மேல் காற்று அடித்தால் இரண்டு, மூன்று டிகிரி குறைந்த மாதிரி இருக்கும், அந்தக் காற்று உங்கள் பக்கம் வரக் கூடாது. ஏசியின் காற்று நேராக வந்து விழும் பக்கத்தில் யார் படுக்கிறீர்கள்? நீங்கள் என்றால் இன்றைக்கே இடத்தை மாற்றிக்கொள்ளுங்கள். ஒரே போர்வையை இரண்டு பேர் இழுத்துக்கொள்ள வேண்டாம், ஆளுக்கு ஒன்று. படுப்பதற்கு முன் கால்களை வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்துத் துடைத்துவிட்டுச் சாக்ஸ் போடுங்கள், தூக்கமும் சீக்கிரம் வரும். ஏசி 3 மணிக்குத் தானாக நிற்கும்படி டைமர் வைத்துவிட்டால் அந்த 4 மணி விழிப்பு போய்விடும். குளிர்ச்சி உடம்பு, சூட்டு உடம்பு என்று வீட்டில் பேசுவதை நான் கேலி செய்ய மாட்டேன், மனிதர்கள் ஒரே மாதிரி இல்லை என்று நம் பெரியவர்கள் கண்ணால் பார்த்து வைத்த பெயர்கள் அவை. உங்களுக்குக் குளிர்ச்சி உடம்பு என்று மோரையும் பழத்தையும் மட்டும் யாரும் நிறுத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் மாமியார். கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், எனக்கோ அதைப் படித்ததிலிருந்து அவர் நினைப்புதான். நான்கு பேரில் குறை சொல்லாதவர் அவர்தான், ஆபத்து அதிகம் இருப்பதும் அவருக்குத்தான்.

‘எனக்கு வேர்க்கவே இல்லையே’ என்பது அவர் வெயிலைத் தாங்குகிறார் என்பதற்கு அடையாளம் இல்லை. வயதானால் வேர்வைச் சுரப்பிகள் மந்தமாகும். வருடக்கணக்கில் சுகர் இருந்தால் வேர்வையை ஏவும் நரம்புகளும் பழுதாகலாம். தாகம் குறையும், சூடு ஏறுவதைத் தோல் தாமதமாகத்தான் சொல்லும். பிரஷருக்குக் கொடுக்கும் மாத்திரைகளில் சில நீரைப் பிரித்து வெளியேற்றுபவை, சில இதயத் துடிப்பு கூட விடாதவை, வெக்கையில் இரண்டுமே கவனிக்க வேண்டியவை. வேர்வை ஆவியாவதுதான் கடும் வெயிலில் நம் உடம்புக்கு இருக்கும் ஒரே தப்பிக்கும் வழி. ஒரு லிட்டர் வேர்வை ஆவியானால் ஏறக்குறைய 580 கிலோகலோரி சூட்டை எடுத்துக்கொண்டு போகும். அந்த வழி அவருக்குப் பாதி அடைபட்டிருக்கிறது, அவரோ கதவையும் சாத்திக்கொள்கிறார்.

ஒரு மே மாதம் மாலை 4 மணிக்கு ஒரு பாட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மாடி அறை, மேலே காங்கிரீட் தளம், ஜன்னல் சாத்தியிருந்தது. காலையில் காபி குடித்தார், மதியம் சாப்பாடு வேண்டாம் என்று படுத்துவிட்டார், தூங்குகிறார் என்று விட்டுவிட்டோம் என்றாள் மகள். நெற்றியைத் தொட்டேன், சுட்டது. ஒரு பொட்டு வேர்வை இல்லை, தோல் காகிதம் மாதிரி உலர்ந்திருந்தது. காய்ச்சல் 106. யாரோ பாராசிட்டமால் கொடுத்திருந்தார்கள், இந்தச் சூட்டுக்கு அது வேலை செய்யாது. ஈரத் துணியும் ஐஸும் ஃபேனுமாக நாங்கள் சூட்டை இறக்கி, நான்கு நாள் கழித்துத்தான் அவர் மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அந்த மகள் அந்த நான்கு நாளும் ஒரே வாக்கியத்தைத் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தாள்: ‘அவங்க வேர்க்குதுன்னு சொல்லவே இல்லையே டாக்டர்.’

வெப்ப அலையை 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு மாநிலப் பேரிடராக அறிவித்தது சும்மா இல்லை. உங்கள் ஊரில் தளம் பகலெல்லாம் குடித்த சூட்டை ராத்திரி 12 மணி வரை அறைக்குள் விடும். அதனால் பொழுது சாய்ந்ததும் மாமியார் அறையின் ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள், வெயில் ஏறும் நேரத்தில் திரையைப் போட்டு மூடுங்கள். ஃபேன் காற்று உடம்புக்கு ஆகாது என்கிறாரா? முகத்தில் அடிக்காமல் காலுக்குத் திருப்பி வையுங்கள், மெதுவான வேகத்தில் போடுங்கள். வெயில் 40ஐத் தாண்டும் நாட்களில் ஃபேன் மட்டும் போதாது, அது சூடான காற்றையே அவர் மேல் வாரி இறைக்கும். கழுத்தையும் கையையும் ஈரத் துணியால் அவ்வப்போது துடைத்துவிட்டு அதன் மேல் காற்று படட்டும். மதியம் 12 முதல் 4 வரை உங்கள் அறையில் ஏசியை 28இல் வைத்து அவரைப் பேத்தியோடு அங்கே படுக்கச் சொல்லுங்கள். ‘உங்களுக்காக’ என்றால் வர மாட்டார், ‘பிள்ளைக்குத் துணைக்கு’ என்றால் வருவார். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் மணிக்கொரு தடவை தண்ணீரோ நீர்மோரோ கையில் கொடுங்கள். இதயமோ சிறுநீரகமோ பழுது என்று தண்ணீருக்கு அளவு சொல்லியிருந்தால் மட்டும் அவருடைய டாக்டரைக் கேட்டுக்கொண்டு கொடுங்கள்.

அவர் பேச்சு குழறினாலோ, ஆளைத் தெரியாமல் உளறினாலோ, எழுப்பினால் எழாமல் போனாலோ ஒரு நிமிடமும் யோசிக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். வண்டி வரும்வரை உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், மயக்கத்தில் இருப்பவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள்.

அவருடைய மாத்திரை அட்டைகளை எல்லாம் ஒரு பையில் போட்டு, மாத்திரை கொடுத்த டாக்டரிடம் பங்குனிக்குள் ஒரு தடவை காட்டுங்கள். வெயில் காலத்தில் அளவு மாற்ற வேண்டுமா என்று கேளுங்கள், நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். அதே நாளில் உங்கள் ரத்தத்தையும் கொடுத்துவிட்டு வாருங்கள். டிஎஸ்எச், ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், பி12, இந்த நான்கும் வந்ததும் எனக்கு எழுதுங்கள். ஏசி 26இல் உங்கள் கணவர் எத்தனை நாள் தாக்குப்பிடித்தார் என்றும் எழுதுங்கள்.